எரியாத காடு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே வந்தால், சவுக்குத் தோப்புகளின் பச்சை விலகி, சாலையோரத் தரை வெளுத்துக் கிடக்கிறது. மரக்காணம் உப்பளங்கள். ஏப்ரல் மாதக் காலை. எட்டு மணிக்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடிகிறது. வரப்பு கட்டிய பாத்திகளில் ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய் மேட்டில் கொட்டுகிறார்கள். எல்லாம் வெறுங்கால்கள்.

மேற்கே, அளங்களுக்கு அப்பால், பழுப்பு நிறத்தில் புகை. அது உயரே ஏறவில்லை. காலை நேரத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்திருக்கும். மேலே இருப்பது சூடாக இருக்கும். அந்த மூடிக்கு அடியில் புகை தாழ்வாகப் பரவி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றோடு நேராக உப்பளத்துக்கே வருகிறது. கடற்காற்று எழும்ப இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கே எரிகிறது என்று கூடை இறக்கி வந்த அம்மாவிடம் கேட்டேன்.

“புல்லு கொளுத்தி வுட்டுருப்பாங்க தம்பி. இல்லன்னா சவுக்குத் தோப்புல சருகு. பங்குனி, சித்திரைன்னா தெனம் எங்கனா ஒரு பக்கம் பொகைஞ்சிக்கினுதான் இருக்கும். காத்து திரும்புற வரைக்கும் எங்க பக்கந்தான் வரும். சாம்பலு பறந்து பாத்தியில வுழுந்தா உப்பு கருத்துப்போவும்” என்றார். பேசும்போதே முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். அடுத்த கூடைக்குத் திரும்பியபோது அதை எடுத்துவிட்டார். சுமையோடு நடக்கும்போது மூக்கை மூடிக்கொண்டு மூச்சு விட முடியாது.

காட்டுத்தீ என்றால் நமக்கு மலை நினைவுக்கு வரும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அல்லது ஆஸ்திரேலியா, கனடா என்று தொலைக்காட்சியில் பார்த்த சிவந்த வானம் நினைவுக்கு வரும். உப்பு விளைகிற கடலோரத்தில் காட்டுத்தீக்கு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். நான் இங்கே வந்ததற்குக் காரணம், இந்தக் கரைக்கென்று எளிதில் தீப்பற்றாத ஒரு காடு இருந்தது என்பதுதான். அதன் துண்டுகள் மரக்காணத்தைச் சுற்றி இன்னும் நிற்கின்றன. அதை வெட்டிய இடத்திலெல்லாம் எளிதில் எரியக்கூடியவற்றை வளர்த்திருக்கிறோம்.

காட்டுக்குப் போகும் முன் இந்தப் பாத்திகளின் கரையில் இன்னும் சற்று நிற்க வேண்டும். உப்பு, புகை, மழை மூன்றுக்கும் உள்ள உறவு இங்கே கண்ணெதிரில் தெரிகிறது.

கடல்நீரின் அடர்த்தியை உப்பளத்தில் டிகிரிக் கணக்கில் சொல்வார்கள். கடலிலிருந்து வரும்போது 3 டிகிரியை ஒட்டி இருக்கும் நீர், பாத்தி பாத்தியாக மாறி மாறிக் காய்ந்து 25 டிகிரியை எட்டும்போது உப்பாக இறங்கத் தொடங்கும். இதற்கு வெயிலும் காற்றும் மட்டுமே செலவு. வானத்தில் புகை படர்ந்து வெயில் மங்கினால் தண்ணீர் ஆவியாவது தளரும். 1999-இல் இந்தியப் பெருங்கடலில் நடந்த ‘இண்டோயெக்ஸ்’ ஆய்வு, கடல்மேல் பல லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பழுப்பு நிற மாசுப் போர்வை கிடப்பதைக் காட்டியது. கடல்பரப்பை வந்தடையும் வெயிலை அது சில இடங்களில் 10 விழுக்காடு வரை குறைத்தது. அந்தப் போர்வையில் பெட்ரோல், நிலக்கரிப் புகை ஒரு பகுதி என்றால், விறகும் சருகும் காடும் வயலும் எரிந்த புகை இன்னொரு பெரும் பகுதி. ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான வீரபத்ரன் ராமநாதன், இதே கரையில் தெற்கே இருக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கரித்துகள் வெயிலை விழுங்கி வான்காற்றைச் சூடாக்குகிறது, கீழே தரையையும் கடலையும் நிழலாக்குகிறது, கடலிலிருந்து எழும் நீராவியைக் குறைத்துப் பருவமழையையே அசைக்கிறது என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

மேகத்துளி உருவாக நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். அலை உடைந்து தெறிக்கும்போது காற்றில் கலக்கும் கடலுப்பு அப்படி ஒரு துகள். அது பெரியது, நீரை விரும்புவது. அதைச் சுற்றிப் பெரிய துளிகள் விரைவில் திரண்டு மழையாக இறங்கும். புகைத்துகளும் மேகத்துக்கு விதையாகும். ஆனால் அது எண்ணிக்கையில் மிக அதிகம், உருவில் மிகச் சிறியது. இருக்கிற நீராவியை அத்தனை துகளும் பங்குபோட்டுக்கொண்டால் துளிகள் சிறுத்துப்போகும். மேகம் திரண்டும் மழை இறங்காது. போர்னியோக் காடுகள் எரிந்தபோது புகை சூழ்ந்த மேகங்கள் மழை பொழியாமல் நின்றதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1999-இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள். மழை இல்லாததால் காடு எரிகிறது, காடு எரிவதால் மழை தள்ளிப்போகிறது. காட்டுத்தீயைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் பயமுறுத்தியது இந்தச் சுழல்தான்.

அந்தச் சுழலைத் தூண்டும் வறட்சியின் பழைய தடம் ஒன்று இங்கேயே இருக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து கடலை ஒட்டியே வரும் கால்வாயின் தென்கோடி இது. இன்று இங்கே பார்த்தால் உமரிச்செடி மண்டிய கரையும் ஆழமில்லாத நீரும்தான். ஒருகாலத்தில் இந்தக் கால்வாய் வழியே படகு படகாகச் சென்னைக்கு உப்பும் விறகும் போயின. 1876-78 பெரும்பஞ்சத்தில், சோற்றுக்கு வழியற்ற மக்களைக் கூலிக்கு வைத்துச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைத் தோண்டினார்கள். அதன் பிறகுதான் வடக்குக் கால்வாயும் மரக்காணம் வரை வரும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வந்தது. அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் இருந்தது பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ. அதே எல் நினோதான் 1997-லும் 2015-லும் இந்தோனேசியக் காடுகளை எரிய வைத்தது. அதே பஞ்சக் காலத்தில், 1877-ஐ ஒட்டித்தான் கடப்பாப் பகுதிக்கு வேலிக்காத்தான் விதை வெளிநாட்டிலிருந்து வந்தது. வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகட்டும் என்று விதைத்தார்கள். ரயில் எஞ்சினுக்கும் சென்னை நகரத்து அடுப்புக்கும் விறகு வேண்டும் என்று கடலோரமெங்கும் சவுக்கு நட்டதும் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இந்தக் கரையின் இன்றைய முகம் அந்தச் சில பத்தாண்டுகளில் தீர்மானமாகிவிட்டது.

மரக்காணத்துக்கு விறகோடு உறவு அதைவிடப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் பட்டினமாக வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரத்தை விறகாக்கி, புகை எழ நுளைமகள் கள் காய்ச்சுகிற காட்சி அதில் வருகிறது. கடல் கொடுத்த விறகு அது. அந்தக் காட்சியில் கரையில் நின்ற காட்டை யாரும் வெட்டவில்லை.

சவுக்குத் தோப்பு ஒன்றுக்குள் நடந்தேன். ஊசி போன்ற உதிர்வுகள் கணுக்கால் அளவுக்குக் கிடக்கின்றன. மிதித்தால் நொறுங்குகின்றன. ஈரம் துளியும் இல்லை. தோப்புக்குள் வேறு செடி எதுவும் தலைதூக்கவில்லை; மரங்கள் வரிசையாக நிற்பதால் காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனைக்குத் தடையின்றி ஓடுகிறது. ஓரத்தில் ஒரு பகுதி கருகியிருந்தது. தரைச்சருகு மட்டும் எரிந்து, மரங்களின் அடிப்பட்டை இடுப்பளவுக்குக் கறுத்திருந்தது. சாலையிலிருந்து தொடங்கிய தீ என்பது கரிந்த தடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இந்தியாவில் காட்டுத்தீக்கு மின்னல் காரணமாவது மிக அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதர் கையிலிருந்து புறப்பட்டதுதான். அணைக்காமல் வீசிய பீடி, புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைத்த நெருப்பு, குப்பை கொளுத்தியது, கரிமூட்டத்திலிருந்து பறந்த பொறி.

சவுக்கைப் பழிப்பது என் நோக்கமில்லை. கடலோர ஏழை விவசாயிக்கு மணல் நிலத்தில் நாலைந்து ஆண்டில் பணம் கொடுக்கிற மரம் அது. புயலில் முன்னால் நின்று அடி வாங்குவதும் அதுதான். ஆனால் அதைக் காடு என்று கணக்கெழுதுவதை என்னால் ஏற்க முடியாது. நாலைந்து ஆண்டில் வெட்டப்படும் மரம் காற்றிலிருந்து எடுத்த கரியை (கார்பனை) அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

பிறகு காப்புக்காட்டின் ஓரத்துக்குப் போனேன். முதலில் முள். வேலிக்காத்தான், களா, சூரை. அதைத் தாண்டித் தலை குனிந்து உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் மாறிவிடுகிறது. இந்தக் காட்டில் வானளாவிய மரம் எதுவும் கிடையாது. பாலை, வீரை, காசான், இரும்புலி, உசில், காட்டு எலுமிச்சை என்று பெரும்பாலும் இரண்டு மூன்று ஆள் உயரத்து மரங்கள், ஒன்றின் கிளை இன்னொன்றுக்குள் புகுந்து, கொடிகள் இழுத்துக் கட்டி, கூரையாக மூடியிருக்கின்றன. இலைகள் சிறியவை, தடித்தவை, பளபளப்பானவை. ஏப்ரலிலும் பச்சை. கீழே பிரண்டை படர்ந்திருக்கிறது. சருகு இருக்கிறது, ஆனால் கையில் எடுத்தால் அடிப்பக்கம் மக்கி ஈரம் தட்டுகிறது. வெளியே வீசிக்கொண்டிருந்த காற்று இங்கே இல்லை.

இந்தக் கரையில் ஆண்டுக்கு 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. இப்படிப்பட்ட இடத்தில் இலையுதிர் காடுதான் வர வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வந்திருப்பதோ பசுமை மாறாத காடு. சாம்பியன், சேத் என்ற இருவர் 1968-இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்கு ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்று தனியிடம் கொடுத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலாளர் மெகர்-ஹோம்ஜி இந்தக் காட்டின் புதிரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் என்.பார்த்தசாரதியும் மாணவர்களும் சோழமண்டலக் கரை நெடுகத் தோப்பு தோப்பாகப் போய் மரங்களை அளந்து பதிந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் போன இடங்கள் கோயில்காடுகள். சாமிக்குப் பயந்து விட்டு வைத்த இடங்களில்தான் பெரும்பாலும் இந்தக் காடு தப்பியிருக்கிறது. அரசின் காப்புக்காடாக மிஞ்சியவை கொஞ்சம்.

இந்தக் காட்டுக்கும் தீக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஓரத்தையும் நடுவையும் மாறி மாறிப் பார்த்தால் போதும். நடுவில் கூரை மூடியிருக்கிறது. வெயில் தரையில் விழாததால் புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிட்டால் தீ ஓட வழி இல்லை. நிழலும் ஈரமும் காற்றடக்கமும் சேர்ந்து பொறியை அங்கேயே சாகடித்துவிடும். ஓரத்தில் யாரோ விறகுக்கு நாலு மரம் வெட்டுகிறார்கள். ஆடு நுழைகிறது, தளிரை மேய்கிறது. கூரையில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையில் வெயில் இறங்க, புல் வருகிறது. சித்திரையில் புல் காய்ந்து எரிகிறது. பெரிய மரம் பிழைத்துக்கொள்ளும். பாலையும் வீரையும் வெட்டினாலும் கருக்கினாலும் அடியிலிருந்து தழைக்கக்கூடியவை. ஆனால் தரையில் முளைத்திருந்த கன்றுகள் மிஞ்சாது. அடுத்த ஆண்டு புல் இன்னும் உள்ளே வரும், தீயும் வரும். பத்து முறை எரிந்தால் காடு பத்து அடி சுருங்கியிருக்கும், ஒருவரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எந்தச் செய்தித்தாளிலும் வராத காட்டுத்தீ இது. செயற்கைக்கோளின் கண்ணுக்கும் தப்பக்கூடியது: இந்திய வன அளவை நிறுவனம் தீ எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்றின் பார்வை ஒரு கிலோமீட்டர் கட்டம், மற்றொன்றுக்கு 375 மீட்டர். அரை ஏக்கர் ஓரத்தில் அரைமணி நேரம் எரிந்து அணைகிற புல்தீயை அவை தவறவிட வாய்ப்பு மிக அதிகம்.

தீ எல்லாக் காட்டுக்கும் பகை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் கோடை தொடங்கும் முன்பே சருகுக்குச் சின்னத் தீ வைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். தரைச்சருகு மட்டும் மெல்ல எரியும். பின்னால் பெருந்தீக்கு இரை இருக்காது. 1974-இல் அங்கே சரணாலயம் வந்தபின் அது தடையானது. பிறகு உண்ணிச்செடி காடெங்கும் மண்டியது என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். இலையுதிர் காட்டில் பழகிய கைகளின் அறிவு அது. அதை அப்படியே மரக்காணத்துக்குக் கொண்டுவந்தால் கேடுதான். இந்தக் காடு தீயோடு வளர்ந்ததல்ல.

புகைக்கு வருவோம். புகையில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். ஒரு மீட்டரின் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்குக்கும் சிறிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா கூடுவது உடனே தெரியும். மாரடைப்பும் பக்கவாதமும் பிறகு வரும். அவற்றைப் புகையோடு யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் இந்தத் துகள் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வரையறை. இந்திய வரம்பு 60. காடு, புல்வெளி, வயல் ஆகியவை எரியும் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று 2024-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்கு ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். கலிபோர்னியாவிலும் கனடாவிலும் எரிவது செய்தியாகிறது. அதிகமாக இறப்பது நம்மைப் போன்றவர்கள்.

கடல் கடந்த தமிழர்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்டில் சுமத்திராவில் எரிந்த காட்டின் புகை மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை மூடியபோது அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழும் ஊர் அது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 2015-இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதில் கணிசமான பகுதி சதுப்பு நிலம்; எண்ணெய்ப்பனைக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததால் எரியாத சதுப்பு எரிகிற மண்ணாகிவிட்டது. அங்கே ஈரம் வடிந்தது, இங்கே நிழல் போனது. இரண்டிலும் தீக்குக் கதவு திறந்தது ஒரே மாதிரிதான்.

விறகுப் புகையைப் பற்றி உலகம் கவனித்த ஓர் ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுத்தவை நாகப்பட்டினமும் கள்ளக்குறிச்சியும்; கள்ளக்குறிச்சி 2019 வரை, மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த பகுதி. 2022-இல் முடிவு வந்தது. நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், விறகிலேயே சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கு 24. ஆனாலும் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எரிவாயு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்த 24-ம் பாதுகாப்பான 15-க்கு மேலேதான் இருக்கிறது. அடுப்பை மாற்றிய வீட்டுக்குள் தெருவின் புகையும் வயலின் புகையும் வந்துகொண்டே இருக்கும் என்பது என் வாசிப்பு. ஊர்க்காற்று எல்லாருக்கும் பொது.

உப்பளத்தில் இது இன்னும் கடுமை. வெயிலில் சுமை தூக்குகிறவர்கள் ஆழமாக, வேகமாக மூச்சு விடுகிறார்கள். அதே காற்றில் நிற்கும் என்னைவிட அதிகப் புகை அவர்கள் நெஞ்சுக்குள் போகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரிந்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, நல்ல முடிவு. மழைக்கால மூன்று மாதம் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. ஆனால் வெயிலோடு புகையும் சேர்ந்து வருகிற பங்குனி, சித்திரை நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்து எந்தத் திட்டமும் பேசவில்லை. புல் எரிகிற நாளில் அளத்தில் வேலை நேரத்தை மாற்ற வேண்டும், முகக்கவசம் தர வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தக் கேள்வியே அளத்தில் இருந்தவர்களுக்குப் புதிதாக இருந்தது.

“கண்ணு எரிச்சலுக்குப் புகை காரணமா, உப்பு வெளிச்சம் காரணமான்னு யாருக்குத் தெரியும்? ரெண்டும்தான்” என்றார் பலகை பிடித்திருந்த பெரியவர்.

ஊருக்கு மேற்கேயும் தெற்கேயும் விரிந்து கிடக்கிறது கழுவெளி. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் கழிமுகத்தின் உவர்நீருமாக மாறும் பெருநீர்ப்பரப்பு. 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. நான் போனபோது நீர் உள்வாங்கி, கோரையும் புல்லும் காய்ந்து நின்றன. இந்தச் சேறு நூற்றாண்டுகளாகச் செடிகொடியின் கரியைப் புதைத்து வைத்திருக்கும் கிடங்கு. நீர் நிற்கும்வரை அந்தக் கரியில் பெரும்பகுதி காற்றுக்கு வராது. ஓரத்துக் கோரையைக் கொளுத்தினால் முதலில் போவது தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டை.

இந்தக் கரைக்கு இன்னொரு சிக்கல், புயல். 2011 டிசம்பர் 30 தானே புயலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் இந்த வட்டாரத்தில்தான் கரை கடந்தன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புயல் சாய்த்த மரமும் முறித்த கிளையும் அடுத்த கோடைக்குள் உலர்ந்து விறகாகிவிடும். கூரை கிழிந்த இடத்தில் புல் வந்துவிடும். கடல் சூடேறச் சூடேறப் புயல்கள் கொண்டுவரும் மழை கனக்கிறது. மழைக்கும் மழைக்கும் நடுவே வெயிலும் கடுக்கிறது. கார்த்திகையில் விழுந்த மரத்தைத் தை மாதத்துக்குள் அகற்றாவிட்டால் சித்திரையில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். காட்டுத்தீயை அணைக்கிற வேலை மார்கழியிலேயே தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாலை புதுச்சேரி நோக்கித் திரும்பும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டில் இறங்கினேன். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சூழ்ந்த காடும் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. காப்புக்காட்டில் புதராக நின்ற அதே வகை மரங்கள் இங்கே வெட்டுப்படாததால் பெருத்து உயர்ந்து நிற்கின்றன. இந்தக் கரை முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி இது. இங்கிருந்து ஒரு குச்சியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று முன்னோர் வைத்த கட்டுப்பாடு காட்டைக் காத்தது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டில் காடு வளர்க்க முனைந்தவர்களுக்கு, இந்த மண்ணுக்கு உரிய மரம் எது என்று காட்டியவை இப்படிப்பட்ட கோயில்காடுகளே.

இன்று அய்யனாருக்குப் படையல் போட வரும் கூட்டம் பெரியது. குடும்பங்கள் வேன் பிடித்து வந்து மரத்தடியிலேயே மூன்று கல் வைத்துச் சமைக்கின்றன. வேரை ஒட்டிக் கரிந்த கற்களும், அணைந்தும் அணையாத சாம்பலும், உருகிய பிளாஸ்டிக் தட்டுகளும் கிடந்தன. ஒரு பெரிய மரத்தின் அடியில் பட்டை வெடித்து உள்ளே கறுத்திருந்தது. மிதிபட்டு இறுகிய மண்ணில் ஒரு கன்றுகூட இல்லை. வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு நிற்கிறது. எரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வரவில்லை.

அறநிலையத் துறையும் வனத்துறையும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினால் ஒரே பருவத்தில் தீரக்கூடிய விஷயம் இது. காட்டுக்கு வெளியே சமையலுக்கென்று ஒரு தளம், தண்ணீர்க் குழாய், காட்டுக்குள் நெருப்புக்குத் தடை. காப்புக்காட்டின் ஓரத்தில் பொங்கலுக்குள் புல்லைச் செதுக்கிப் போட்டால் அந்த அளவுக்குத் தீ உள்ளே வராது. அந்த வேலையை உப்பளம் மூடியிருக்கும் மாதங்களில் உப்பளத்துப் பெண்களுக்கே கூலிக்குக் கொடுக்கலாம். அவர்களுக்கு அப்போது கூலி வேலை இல்லை.

இந்தச் சாலையில் போகிறவர்களுக்கும் அய்யனாரைக் கும்பிட வருகிறவர்களுக்கும் என் வேண்டுகோள்: அடுப்பை மரத்தடியில் மூட்டாதீர்கள். வெட்டவெளியில் மண் தரையில் மூட்டுங்கள். கிளம்பும் முன் தணலில் தண்ணீர் ஊற்றுங்கள். பீடியையும் சிகரெட்டையும் சன்னல் வழியே எறியாதீர்கள். சவுக்குத் தோப்பிலோ புல்லிலோ புகையைக் கண்டால் கடந்து போய்விடாமல் தீயணைப்புத் துறையை 101-இல் அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.